ஒரு மணிக்கு மூடும் தெரு

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவிலேயே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு. அந்த நாள்களைப் பற்றிப் பேச்சு வந்தால் தொற்று எண்ணிக்கை, ஆக்சிஜன், படுக்கை என்று பெரிய கணக்குகள்தான் முன்னால் வருகின்றன. தெரு எப்படி ஓடியது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. கடை வரிசை ஏன் கலைந்தது, காய்கறி விலை ஏன் தெருவுக்குத் தெரு மாறியது, தகரம் அடைத்த சந்துக்குள் சிலிண்டர் எப்படிப் போனது, கரண்ட் பில் ஏன் எகிறியது? அப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றவாளியைக் காட்டினார்கள்: பொறுப்பில்லாத மக்கள், பேராசைக் கடைக்காரர், ஏமாற்றும் மின் வாரியம். பெரும்பாலும் அடியில் கிடந்தது நேரக் கணக்குதான்.

மளிகைக் கடையில் தொடங்கலாம். சாதாரண நாளில் தெருமுனைக் கடை காலை 6 மணிக்குத் திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் சாத்தும். மார்ச் 29 முதல் காலை 6 முதல் பகல் 2:30 வரை என்றார்கள். ஏப்ரல் 5 முதல் அதுவும் பகல் 1 மணியோடு சரி. 960 நிமிட வியாபாரத்தை 420 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வாங்க வேண்டிய சரக்கோ குறையவில்லை. டீக்கடை, மெஸ், அலுவலக கேன்டீன், பள்ளிச் சத்துணவு எல்லாம் நின்றுபோய், அங்கே சாப்பிட்டவர்களின் பங்கும் வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்தது.

சில்லறையாக எடை போட்டுக் கொடுக்கும் கடையில் ஓர் ஆளை அனுப்ப நான்கைந்து நிமிடம் ஆகும். ஒரே தராசு என்றால் 420 நிமிடத்தில் 84 முதல் 105 பேர். 200 வீடு உள்ள தெருவில் ஒவ்வொரு வீடும் வாரம் ஒருமுறை வந்தால் நாளுக்கு 30 பேர்கூட வரமாட்டார்கள்; கடை காற்று வாங்கும். ஒவ்வொரு வீடும் தினமும் வந்தால் பாதிப் பேர் வெறும் பையோடு திரும்ப வேண்டும். ‘வாரத்துக்கு ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னவர்கள் எந்த வீட்டை மனத்தில் வைத்துச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது நடக்கும். அன்றன்றைய கூலியில் கால் கிலோ பருப்பும் நூறு எண்ணெயும் வாங்கும் வீட்டில் நடக்காது. அவர்களிடம் ஒரு வாரத்துக்கான பணம் ஒரே நாளில் இருப்பதில்லை. போதாததற்குக் கடைக்காரரும் கணக்கு நோட்டை மூடிவிட்டார். மொத்த வியாபாரி அவரிடம் ரொக்கம் கேட்டார், அவர் தெருவிடம் ரொக்கம் கேட்டார்.

ஆள்கள் இடைவெளி விட்டு நிற்கக் கடை முன்னால் வட்டம் போட்ட கதையும் இதில் சேரும். சாக்பீஸ் வட்டம் அரை நாளில் காலடியில் அழிந்துபோனது. சுண்ணாம்பைக் கரைத்துப் போட்டது இரண்டு மூன்று நாள் நின்றது. பெயின்ட் அடித்த கடைகளில் மாதக்கணக்கில் கிடந்தது. ஆனால் வட்டம் விழுந்த இடம் நடுவெயில், மாதமோ ஏப்ரல். வட்டத்துக்குள் கட்டைப் பை, செருப்பு, செங்கல், ரேஷன் கடையென்றால் மண்ணெண்ணெய் கேன். பைகள் ஒரு மீட்டர் இடைவெளியில் ஒழுங்காக வரிசையில் நிற்க, அவற்றின் சொந்தக்காரர்கள் எதிர்ச்சுவரின் ஒரு முழ நிழலில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரை நான்கு கம்பில் கட்டி, வட்டங்களுக்கு மேல் நிழல் கொடுத்த இடங்களில்தான் வரிசை வரிசையாக இருந்தது.

உண்மையில் உதவியது முந்தின நாளே சீட்டு வாங்கி வைக்கும் முறை. வாட்ஸாப்பிலோ துண்டுக் காகிதத்திலோ பட்டியல் வந்துவிட்டால், பையைக் கொடுத்துப் பணம் வாங்க ஒரு நிமிடம் போதும். ஆனால் பட்டியல் எழுதுவதும் ஒரு வேலைதான். ‘உளுந்து 1’ என்று எழுதினால் முழு உளுந்தா, உடைத்ததா, தோலோடா? ‘எண்ணெய் 1’ என்றால் கடலையா, நல்லெண்ணெயா, சூரியகாந்தியா? நேரில் நின்றால் ஒரு வார்த்தையில் தீர்வது, பை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து தீர்ந்தது. நல்ல சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கதவு எண் இருக்கும், பொருளுக்குப் பக்கத்தில் எடை இருக்கும், ‘அது இல்லையென்றால் இது’ என்று மாற்றுப் பொருளும் இருக்கும். அந்தக் கடைசி விஷயத்தை எழுதாததால் எத்தனை போன், எத்தனை பதில்! கடைக்காரர் பக்கம், மதியம் ஷட்டரை இறக்கிய பிறகு துவரை, கடலைப் பருப்பு, சர்க்கரை, ரவையைக் கால், அரை, ஒரு கிலோப் பொட்டலமாகக் கட்டி அடுக்கியவர்கள் மறுநாள் தப்பித்தார்கள். ஷட்டர் இறங்கும் நேரம் அப்போது வேடிக்கையான விஷயமாக இருக்கவில்லை. அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும், அவரைத் தேடிப் போன செல்போன் கடைக்கார மகனும் அங்கே தாக்கப்பட்டு, சில நாள்களில் இறந்துபோனார்கள்.

நேரத்தை நெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஏப்ரல் 25 ஒன்றே போதும். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரையும், சேலம், திருப்பூரில் 28 வரையும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மளிகைக் கடையே கிடையாது. அறிவிப்பு வந்ததோ 24-ஆம் தேதி. நடுவில் ஒரே நாள். நான்கு நாள் தேவை ஒரே பகலில் வந்து விழுந்தது. முகக்கவசம், இடைவெளி எதுவும் நிற்கவில்லை. தொற்றைக் குறைக்க வந்த நான்கு நாள், ஆரம்பமாகும் முன்பே ஒரு சந்தைத் திருவிழாவை நடத்திவிட்டது.

காய்கறியின் சிக்கல் வேறு. சென்னைக்குக் காய் போவது கோயம்பேடு வழியாக. 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து மாற்றப்பட்ட சந்தை அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். அங்கே தொற்று பரவி, விழுப்புரம், கடலூர், அரியலூர் வரை போன பிறகு, மே 5 அன்று சந்தையை மூடினார்கள். சில நாள் இடைவெளியில் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசையில் தற்காலிகச் சந்தை வந்தது. கடைகள் சுமார் 200. பழம் மாதவரத்துக்குப் போனது. கோயம்பேட்டில் காய்கறி வியாபாரம் மறுபடி தொடங்கியது செப்டம்பர் 28-இல்.

தெருவில் இதற்கு என்ன அர்த்தம்? தள்ளுவண்டிக்காரர் கோயம்பேட்டில் கால் மூட்டை, அரை மூட்டை பிரித்து வாங்குவார். பிரித்துக் கொடுக்க இரண்டாம் கை, மூன்றாம் கை வியாபாரிகள் அங்கே உண்டு. திருமழிசையில் மொத்தம்தான், மூட்டைக்குக் குறைந்து எடுக்க முடியாது. ஒரு மூட்டை வெங்காயம் 50 கிலோ. தள்ளுவண்டிக்கு அத்தனை தாங்காது. ஆகவே நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்து, வந்த சரக்கைத் தெருமுனையில் பங்கு போட்டார்கள். வண்டி வாடகை எத்தனை பேருக்குப் பிரிகிறதோ அதுதான் விலையைத் தீர்மானித்தது. ஐந்து பேர் சேர்ந்த தெருவில் தக்காளி ஒரு விலை, இரண்டு பேர் சேர்ந்த அடுத்த தெருவில் இன்னொரு விலை. ‘கொள்ளை அடிக்கிறான்’ என்ற பேச்சில் பாதி இந்த வாடகைதான்.

அப்போது காய் விற்க வந்தவர்களில் பலர் காய் வியாபாரிகளே இல்லை. ஆட்டோ ஓட்டியவர், டீ மாஸ்டர், கொத்தனார் என்று வேலை நின்றவர்கள் எல்லாம் பின் சீட்டில் கூடை வைத்துக் கிளம்பினார்கள். முதல் வாரம் அவர்களுக்குக் கைநஷ்டம்தான். காரணம் விலையல்ல, சரக்கு. தக்காளி 14 கிலோப் பெட்டியாக வரும். மேல் வரிசை பளபளக்கும், அடி வரிசை பாரத்தில் உடைந்திருக்கும். பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கினால் ஒன்றிரண்டு கிலோ அப்படியே கழிவு. பழுத்ததும் செங்காயும் கலந்து எடுக்க வேண்டும், செங்காய் மறுநாளுக்கு. கீரை காலை 9 மணிக்குள் போகவில்லை என்றால் தலை சாய்ந்துவிடும். ஈரச் சாக்கு போட்டு மூடினால் ஒரு மணி நேரம் தள்ளலாம், அவ்வளவுதான். நனைந்த வெங்காயம் ஒன்று மூட்டையில் இருந்தால் இரண்டு நாளில் பக்கத்தில் இருப்பதெல்லாம் நாறும். தாக்குப்பிடித்தவர்கள் வெங்காயம், உருளை, வாழைக்காய், பூசணி என்று கெடாத காய்க்கு மாறினார்கள். கைபடுவதைக் குறைக்க எடை போடுவதையே விட்டுவிட்டுக் கூறு கட்டி வைத்தவர்களும் உண்டு. பேரம் குறைந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது.

அரசும் உள்ளாட்சிகளும் கொடுத்த காய்கறித் தொகுப்புப் பையில் ஒரு குறை இருந்தது. எல்லாரும் சாப்பிடும் காய் என்று ஒரு பட்டியல் கிடையாது. ஒரு வீட்டில் நூக்கோல் ஏறாது, இன்னொரு வீட்டில் கத்தரிக்காய்க்கு அரிப்பு. வேண்டாத காயை எதிர் வீட்டோடு மாற்றிக்கொள்ளும் பண்டமாற்று கேட்டுக்கு வெளியே நடந்தது. இடைவெளிக்காக வந்த பை, வாசலில் நான்கு பேரைக் கூட்டியது.

ஆனால் பொருளைத் தெருவுக்குள் அனுப்பும் யோசனை சரியானது. 2021 மே மாதம் அது முழு உருவத்தில் வந்தது. மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. மளிகைக் கடை கிடையாது, நடமாடும் வண்டியில் காய்கறியும் பழமும் மட்டும். மே 31 முதல் மளிகைக் கடைக்காரர்களும் வண்டியில் விற்கலாம், போனில் கேட்டதை வீட்டுக்கே கொண்டு கொடுக்கலாம் என்றானது. வரிசை என்ற சொல்லுக்கே வேலையில்லாமல் போன தெருக்கள் உண்டு. அதற்கும் ஒரு விலை இருந்தது: அதற்கு முந்தைய மே 22, 23 இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்க விட்டார்கள், ஏப்ரல் 25-இன் நெரிசல் மறுபடியும், இம்முறை நேரம் தாராளமாக இருந்தும். வண்டி வரும் என்பதை வண்டி வந்த பிறகுதான் தெரு நம்பியது.

ரேஷன் கடையில் டோக்கன். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், கூடவே வழக்கமாகக் காசு கொடுத்து வாங்கும் பருப்பு, சர்க்கரை, பாமாயிலும் இலவசம். தேதி, நேரம் எழுதிய டோக்கன் வீட்டுக்கே வந்தது. திட்டம் அழகு. உடைந்தது லாரியில். அரிசி ஒரு நாள் வரும், பருப்பு மூன்று நாள் கழித்து வரும். பத்து மணி டோக்கன்காரருக்குப் பருப்பு இல்லை. ‘வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பினால், அவர் இன்னொருவரின் பத்து மணிக்குத்தான் வந்து நிற்பார். இப்படி நான்கு நாள் பாக்கி ஒரு நாளில் சேர்ந்தது. டோக்கனில் நேரத்தோடு ‘இன்ன பொருள்’ என்றும் எழுதியிருந்தால் பாதி நெரிசல் குறைந்திருக்கும்.

தொற்று வந்த தெருவைச் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்து மூடியது 2020-இன் காட்சி. உள்ளே போகவர ஒரே வழி. அங்கே ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு மாநகராட்சிப் பணியாளர். பாலும் மருந்தும் தன்னார்வலர் கையில் வந்துவிடும். மாட்டிக்கொண்டது கனமான பொருள்கள். வீட்டு சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டி. வண்டி தடுப்போடு நின்றுவிடும். அங்கிருந்து மூன்றாம் மாடி வரை யார் தூக்குவது? தனியாக இருக்கும் வயதானவர்கள் பெரும்பாலும் இதில்தான் முதலில் உதவி கேட்டார்கள். பதற்றத்தில் எல்லாரும் பதிவு செய்ததால், ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் 15 நாள் இடைவெளி வேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது. தண்ணீர் லாரியின் ஹோஸ் தடுப்பிலிருந்து பாதித் தெருவுக்குத்தான் எட்டியது. மீதித் தெரு குடத்தோடு நடந்தது. அடைக்கும்போதே தகரத்தில் ஒரு பகுதியைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி அமைத்த தெருக்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆணி அடித்து மூடிய தெருவில் ஆம்புலன்ஸுக்கும் அதே கதி.

தெருவுக்கு மருந்து அடித்ததில் உற்சாகம் அதிகம், அளவு குறைவு. வேப்பிலையும் மஞ்சளும் கரைத்த நீரை டிரம்மில் கொண்டுவந்து தெளித்தார்கள், மணமாக இருந்தது. பிளீச்சிங் பவுடர் வேலை செய்யும், ஆனால் அளவோடு: 33 சதவீதம் குளோரின் உள்ள புதிய பவுடர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் போட்டால் ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல். கலக்கித் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் எடுக்க வேண்டும். வண்டலோடு ஊற்றினால் ஸ்ப்ரேயர் மூக்கு அடைக்கும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும். துடைத்த இடம் பத்து நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். மூட்டை வாய் திறந்தே மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வாசனை மட்டும்தான் மிச்சம். கழிப்பறை ஆசிடோடு கலந்தால் நச்சு வாயு வரும். கோலமாவு போல வீட்டு வாசலில் கோடு போட்டுவிட்டுப் போனதால் யாருக்கும் நன்மையில்லை, குழந்தைகள் கால் எரிந்ததுதான் மிச்சம். திருப்பூரில் தொடங்கிப் பல ஊரில் வைத்த கிருமிநாசினிச் சுரங்கப்பாதையைப் பொதுச் சுகாதாரத் துறையே வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது. ஆள் மேல் அடிக்கும் மருந்தல்ல அது.

சின்னச் சின்ன மாற்றங்கள் இன்னும் உண்டு. சலூன் கிராமங்களில் 2020 மே 19-இல்தான் திறந்தது, சென்னையில் ஜூன் 1-இல். அதுவரை மொட்டை மாடியில் டிரிம்மரோடு அப்பாக்கள் பட்ட பாடு தனி. டீக்கடை மே 11 முதல் பார்சல் மட்டும் கட்டிக் கொடுத்தது. பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துப் படிக்கும் பெஞ்சு அதோடு திரும்பவில்லை.

கடைசியில் வந்தது கரண்ட் பில். அதிகம் சண்டை நடந்ததும், குறைவாகப் புரிந்ததும் இதுதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. அன்றைய கட்டணப்படி 500 யூனிட் என்றால்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2 ரூபாய் வீதம் 200, அதற்கடுத்த 300-க்கு 3 ரூபாய் வீதம் 900, நிலைக் கட்டணம் 30, மொத்தம் 1,130 ரூபாய். 501 ஆனால் விகிதமே மாறும்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 3.50 வீதம் 350, அடுத்த 300-க்கு 4.60 வீதம் 1,380, மிஞ்சிய ஒரு யூனிட்டுக்கு 6.60, நிலைக் கட்டணம் 50, மொத்தம் 1,786.60. அந்த ஒரே யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. கோடையில் ஐந்து பேர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய காரியமா?

இதோடு கணக்கெடுப்பாளர் வர முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத அளவை ஒன்றாக எடுத்து, இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் பில் போட்டு, முன்பு கட்டிய பணத்தைக் கழித்தார்கள். நான்கு மாதத்தில் 1,100 யூனிட் ஓடிய வீட்டைப் பாருங்கள். 550, 550 என்று பிரித்தால் தலா 2,110, ஆக 4,220. முன்பு 300 யூனிட் கணக்கில் 530 கட்டியிருந்தால் பாக்கி 3,690. ‘பணத்தைக் கழிக்காதே, 300 யூனிட்டைக் கழி’ என்பது நுகர்வோர் வாதம். அப்படியானால் மிச்சம் 800, தலா 400, மொத்தம் 1,660 ரூபாய்தான். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது. கணக்குப்படி அந்த வாதம் பலவீனமானதுதான்: 530 ரூபாய் முன்பணம், அது அந்த மாத ஓட்டத்தின் அளவல்ல.

சரிபாதியாகப் பிரித்ததுதான் யோசிக்க வேண்டிய இடம். அதே 1,100 யூனிட் உண்மையில் 480, 620 என்று ஓடியிருந்தால் சரியான பில் 1,070-ம் 2,572-மாக 3,642. பிரித்ததால் அந்த வீடு 578 ரூபாய் கூடுதலாகக் கட்டியது. பக்கத்து வீட்டில் மொத்தம் 1,000 யூனிட், உண்மையில் 400, 600 என்று ஓடியது. சரியான பில் 830-ம் 2,440-மாக 3,270. பிரித்ததால் 500, 500 ஆகி 2,260-லேயே முடிந்தது, 1,010 ரூபாய் லாபம். ஒரே விதி, ஒரே தெரு, ஒரே சுவர் இடைவெளி. லாபமடைந்த வீடு வாய் திறக்கவில்லை, ஆகவே கேட்டதெல்லாம் புகார் மட்டும்.

2021 மே மாதம் இதற்கு ஒரு வழி விட்டார்கள்: நுகர்வோரே மீட்டரைப் படமெடுத்துப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பலாம். படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது திரை மாறிக்கொண்டே இருக்கும் என்பது. தேதி, நேரம், வோல்டேஜ், உச்சத் தேவை என்று வரிசையாக ஓடும். ஓரத்தில் கிலோவாட் மணி என்ற குறி தெரியும்போது வரும் எண்தான் யூனிட். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தை விட்டுவிட வேண்டும். மீட்டர் எண்ணும் இணைப்பு எண்ணும் அதே படத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் எந்த வீட்டு மீட்டர் என்று அலுவலகத்துக்குத் தெரியாது. நான்கு குடித்தனம் உள்ள வீட்டில் மீட்டர் பெட்டிகள் ஒன்றுபோலவே இருக்கும். மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பார்த்து நம் மீட்டர் எது என்று உறுதி செய்துகொண்டுதான் படம் எடுக்க வேண்டும்.